லிஃப்ட்காரரும் இடப்பக்க ஜன்னலும்

எங்கள் தெருவிலேயே அதிக தூரம் பயணம் செய்தவர் லிஃப்ட்காரர்தான். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற வேலை. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மேலே, கீழே, மறுபடி மேலே. அவர் போன தூரத்தையெல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தையும் தன் வீட்டையும் விட்டால் மனிதர் வேறெதையும் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுநாளே என் பஞ்சர் கடைக்கு வந்து நின்றார்.

“பஞ்சரு, வேனைக் கெளப்பணும்.”

“எந்த வேன்ணே?”

“எங்க வேன்தான்டா. வேற யார் வேனை நான் கெளப்பப் போறேன்?”

நான் சிரித்த சிரிப்பில், பஞ்சர் ஒட்டிக் காயவைத்திருந்த ட்யூப் பிரிந்துகொண்டது.

அந்த வேன் அவர் வீட்டுக் கொல்லையில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அவருடைய அப்பா அந்தக் காலத்தில் அதில் மடக்குக் கட்டில் போட்டு, தண்ணீர் கேன் கட்டி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர். ராத்திரி எங்கே இருட்டுகிறதோ அங்கேதான் வீடு. அப்பா போன பிறகு வேனும் படுத்துவிட்டது. தரையெல்லாம் துருப்பிடித்து ஓட்டை. உள்ளே காலைத் தொங்கவிட்டால் ஓடிக்கொண்டே வண்டியைத் தள்ளலாம். இன்ஜினுக்குள் எலிகள் பேரன் பேத்தி எடுத்து, அவற்றுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருந்தன.

“இதை வெச்சு எங்கண்ணே போகப் போறீங்க?”

“லைட் ஹவுஸ். அக்காவைக் கூட்டிட்டுப் போகணும்.”

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. லைட் ஹவுஸ் கதை தெருவுக்கே தெரியும். சின்ன வயதில் குடும்பத்தோடு கடலோரத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். பாதி வழியில், ஆற்றுப் பாலத்தில், அக்கா வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். அப்பா வண்டியைத் திருப்பிவிட்டார். மறுபடி போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அம்மா படுத்த படுக்கையானார். அக்கா அடுப்படிக்குள் போனவர், வெளியே வரவேயில்லை. அன்றிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும், “லைட் ஹவுஸையே வாந்தி எடுத்து அணைச்சவ இவதானே” என்பார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எத்தனை வருடம்தான் ஒரே ஜோக்குக்குச் சிரிப்பது என்று எனக்கே அலுத்துவிட்டது.

இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் லிஃப்ட்காரர், “என் லிஃப்ட்ல ஏறுனவங்க எல்லாம் அவங்கவங்க மாடி வந்ததும் எறங்கிட்டாங்கப்பா” என்பார். அக்கா, “எனக்கு அடுப்போட கல்யாணமாயி எவ்வளவோ வருஷமாச்சு” என்பார்.

வேலை ஆரம்பித்தது. இன்ஜினை இறக்கி, எலிக் குடும்பத்துக்கு மாற்று இடம் காட்டினோம். துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். வெட்டியதுதான் அதிகம், ஒரு கட்டத்தில் கொல்லையில் ஸ்டியரிங்கும் ஹாரனும் மட்டும்தான் மிச்சம் என்று தோன்றியது. லிஃப்ட்காரர் அளவெடுப்பார், நான் டார்ச் பிடிப்பேன். கூரையில் சோலார் தகடு, மடித்தால் பெஞ்சு, விரித்தால் கட்டில், காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற தொட்டி. எல்லாம் அவர் கையால் செய்தது.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முடியும்வரை அக்கா உள்ளே வரக் கூடாது. வண்டியைச் சுற்றித் தார்ப்பாயைத் திரை மாதிரி கட்டிவிட்டார். அக்கா டீயைக் கொண்டுவந்து திரைக்கு வெளியே நின்று கூப்பிடுவார்.

“இன்னும் என்னடா பண்றீங்க உள்ள? பிரசவமா பாக்கறீங்க?”

“பொறுக்கா. பார்த்தா அசந்துடுவ.”

“என் ஜன்னல் நல்லாத் தொறக்குதாடா?”

உள்ளே டிரில்லிங் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. “எல்லாம் புதுசுக்கா. எல்லாமே புதுசு” என்றார் இவர். அக்கா சந்தோஷமாகப் போய்விட்டார்.

கடைசியாகத் திரையை அவிழ்த்த அன்று தெருவே கொல்லையில் நின்றது. வண்டி புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. அக்கா புதுச் செருப்பு போட்டு, ஒரு சின்னப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். லிஃப்ட்காரர் பழைய பழக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எந்த மாடின்னு கேளுங்கண்ணே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா எதையும் பார்க்கவில்லை. நேராகப் பின்னால், இடது பக்கம் போனார். எதையோ தள்ளித் திறக்கப் போவது மாதிரி கையை நீட்டினார். கை அலமாரியில் முட்டியது.

அங்கேதான் லிஃப்ட்காரர் சமையலறை கட்டியிருந்தார். இரண்டு பர்னர் அடுப்பு, அதற்கு மேல் அலமாரி, ஒவ்வொரு டப்பாவும் குலுங்காமல் உட்கார ஒரு குழி. ராஜா வீட்டில்கூட அப்படி ஒன்று இருக்காது. அதற்காக, பின்னால் இருந்த ஒரே ஜன்னலைக் கழற்றி, தகடு வைத்து அடைத்து, கண்ணாடியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்.

“எப்படிக்கா?”

“அழகா இருக்குடா” என்றார் அக்கா. கை மட்டும் இன்னும் அலமாரி மேலேயே இருந்தது. “என் ஜன்னல் இங்கதானே இருந்துச்சு?”

லிஃப்ட்காரர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

விஷயம் இதுதான். அந்த நாளில் பாலத்தில் திரும்பியபோது, அப்பா அக்காவை முன் சீட்டிலிருந்து பின்னால் மாற்றி, இடப்பக்க ஜன்னலைத் திறந்து, முகத்தை வெளியே நீட்டிக்கொள்ளச் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் வாந்தி நின்று, அக்கா பாட்டே பாட ஆரம்பித்துவிட்டாராம். பிறகு, அம்மா படுக்கையில் விழும்வரை போன சின்னச் சின்ன இடத்துக்கெல்லாம் அங்கேதான் உட்கார்ந்தார். ஒரு தடவைகூட வயிற்றைப் புரட்டியதில்லை. லிஃப்ட்காரர் எப்போதும் அப்பாவுக்குப் பக்கத்தில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தவர். பின்னால் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று திரும்பியே பார்த்ததில்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் எங்கே போகணும் என்று கேட்டே தலை நரைத்தவர், சொந்த அக்காவை எங்கே உட்காருகிறாய் என்று கேட்கவில்லை.

“முன்னாடி உக்காந்துக்கறேன். பரவால்ல, கெளம்பு” என்றார் அக்கா.

மறுநாள் காலையில் கிளம்பினோம். டயருக்குப் பொறுப்பு என்று நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். அந்த மாதிரி வேனில் முன் சீட்டுக்கு அடியில்தான் இன்ஜின். சூடும் டீசல் நாற்றமும் நேராக மூக்குக்கு வரும். ஊர் எல்லை வரைக்கும் அக்கா பேசிக்கொண்டு வந்தார். அப்புறம் பேச்சு குறைந்தது. அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆற்றுப் பாலம் வந்ததும், “நிறுத்துடா” என்றார்.

அதே பாலம்.

அக்கா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். லிஃப்ட்காரர் இங்கேயும் அங்கேயும் நடந்தார்.

“இன்னும் கொஞ்ச தூரம்தான்க்கா. மெதுவாப் போறேன்.”

“வேணாம்டா. திருப்பு.”

“பின்னாடி படுத்துக்கோ. கதவைத் தொறந்து வெச்சு ஓட்டறேன்.”

“நான் உருண்டு விழுந்தா லைட் ஹவுஸ் கதை இன்னும் நல்லாருக்கும், இல்ல?” அக்கா சிரித்தார். பிறகு கேட்டார். “அந்தச் சமையலறை யாருக்குடா கட்டின?”

“உனக்குத்தான்க்கா. போற எடத்துல நீ சிரமப்படாம...” பாதியில் நின்றுவிட்டார்.

“வீட்ல இருக்கற அடுப்பு போதாதுன்னு, அதுக்கு நாலு சக்கரம் வேற மாட்டி என்கூட அனுப்பறியா?”

கேலியாகத்தான் சொன்னார். லிஃப்ட்காரரும் சிரிக்க ஆரம்பித்தார். கரண்ட் போய் இரண்டு மாடிக்கு நடுவே நின்ற லிஃப்ட் மாதிரி, அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வண்டியைத் திருப்பினார்.

மறுநாளே சமையலறையைப் பிரித்தார். ஒவ்வொரு டப்பாக் குழியையும் எவ்வளவு பொறுமையாகச் செதுக்கினாரோ, அவ்வளவு வேகமாகப் பெயர்த்தார். அடைத்த தகட்டை வெட்டினார். ஆனால் அந்தப் பழைய மாடல் கண்ணாடி கடையில் கிடைப்பதில்லை. வேறு ஏதாவது போடலாம் என்றேன், கேட்கவில்லை. பழைய இரும்புக்காரர் அதை யாருக்கோ விற்றிருந்தார். அவர் வேறு யாருக்கோ கொடுத்திருந்தார். கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு கோழிக் கூண்டில் கண்டுபிடித்தோம். கூண்டுக்கு ஜன்னலாக இருந்தது. கோழிகள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு முட்டை வீதம் போட்டுக்கொண்டிருந்தன என்று நினைக்கிறேன். கூண்டுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்துப் பழையதை வாங்கி வந்தார். அதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது.

ஜன்னலை மாட்டி, எண்ணெய் விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

அக்கா உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்தார். முகத்தை வெளியே வைத்துக் கண்ணை மூடினார்.

“கெளம்பலாமாக்கா?”

“வேணாம்டா.”

“இனிமே வயித்தைப் புரட்டாதுக்கா. நான் சத்தியம் பண்றேன்.”

“வயித்துக்கு நான் பயப்படல. ரெண்டு தடவை பாலத்துலயிருந்து திரும்பியாச்சு. மூணாவது தடவை திரும்பினா, எனக்கு அதைத் தாங்கற தெம்பு இல்ல.” ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, “நல்லாக் காத்து வருது. இங்கயே நிக்கட்டும்” என்றார்.

லிஃப்ட்காரர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இப்போதெல்லாம் சாயங்காலமானால் அக்கா அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். எதிரே இருப்பது கொல்லைச் சுவர்தான். லிஃப்ட்காரர் வீட்டு அடுப்பில் டீ போட்டு, ஜன்னல் வழியாக நீட்டுவார். அந்த டீயைக் குடித்தால் எலிகூட ஊரைக் காலி செய்துவிடும். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுதாகக் குடிப்பார். பிறகு லிஃப்ட்காரர் போய் டிரைவர் சீட்டில், ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்துகொள்வார். இருட்டுகிறவரை இரண்டு பேரும் அப்படியே இருப்பார்கள்.

நிற்கிற வண்டியின் டயருக்கு மாதம் தவறாமல் என்னைக் காற்று அடிக்கச் சொல்கிறார். “ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணே காத்து?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“எதுக்கும் இருக்கட்டும்டா, பஞ்சரு” என்றார் மெதுவாக, பின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.