துண்டு போட்டு வைத்த நாற்காலி

மாணிக்கம் அண்ணே, நீங்கள் பொய் சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தீர்கள்.

நேற்று இங்கே டென்மார்க்கில் ரயில் ஏறியதும், காலி சீட்டில் மப்ளரைப் போட்டுவிட்டுக் காப்பி வாங்கப் போனேன். திரும்பினால் அங்கே ஒரு கிழவி. மப்ளரை மடித்து நீட்டி, "மறந்துவிட்டீர்கள்" என்றாள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்தால் சீட் நம்முடையது. அதை அவளுக்கு எப்படி விளக்குவது? நன்றி சொல்லிவிட்டு நின்றுகொண்டே வந்தேன். உங்கள் ஞாபகம் வந்தது.

இங்குள்ள கிடங்கில் நான் மேனேஜராக இருந்தவன். பிரசவ விடுப்பில் யாராவது போனால், அந்த இடத்துக்குத் தற்காலிக மேனேஜரை நேர்காணல் செய்து எடுப்பதும் என் வேலை. என் மேலதிகாரி, மெட்ட என்ற டேனிஷ்காரி, கற்றுக்கொடுத்த முதல் பாடம், "கடைசி நாளை முதலில் சொல்." வரும்போதே போகிற நாளைப் பேசுவது எனக்கு அபசகுனமாகப் பட்டது. ஆனாலும் வந்தவர்கள் எல்லோருக்கும் சொன்னேன்.

ஆலங்குடியில் இருக்கும் உங்கள் தென்னை நார் மில்லுக்கு மேனேஜர் வேண்டும் என்று நீங்கள் வீடியோவில் என்னை நேர்காணல் செய்தபோது நானும் கேட்டேன்.

"எத்தன மாசத்துக்குண்ணே?"

"சேரயிலயே போறதப் பத்திப் பேசுறீங்களே தம்பி! நல்ல வார்த்தை சொல்லுங்க. குடும்பத்தோட வந்துருங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலையை விட்டேன். மகளைப் பள்ளியிலிருந்து பிடுங்கிப் புதுக்கோட்டையில் சேர்த்தேன். ஐந்தாம் மாதம் பெங்களூரிலிருந்து உங்கள் மருமகன் வந்து இறங்கினார். "மாப்ளைக்கு எடத்த விட்டுக் குடுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்றீர்கள்.

களத்தில் நார் காய வைக்கும் சின்னம்மாள்தான் உண்மையைச் சொன்னாள். "மாப்ள வருவாகன்னு எங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமே! ஒங்கள்ட்ட சொல்லலையா? ஒங்களத் துண்டாப் போட்டு வச்சாக. ஆளு வந்துருச்சு, துண்ட எடுத்துட்டாக." சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்.

டென்மார்க்குக்குத் திரும்பி வந்து மெட்டவின் முன் உட்கார்ந்தேன், இந்த முறை மேசைக்கு எதிர்ப்பக்கம். என் பழைய நாற்காலிக்கு இப்போது வேறு ஆள். அவர் விடுப்பில் போகிறார், திரும்பும்வரை நான் தற்காலிகம். "உங்கள் கடைசி நாள் இது" என்று தேதியை முதலில் சொன்னாள். அவள் என்னை ஏமாற்றவில்லை. ஆனால் இரண்டு ஊரிலும் நான் உட்காருவது இன்னொருவன் சீட்டில். இந்தக் கிடங்கு முடிந்தால் அடுத்து எந்த ஊர்ப் பள்ளி என்று என் மகள் கேட்கிறாள்.

உங்களிடம் வேலை கேட்டு வரும் ஒவ்வொருவனும் இதைப் படித்துவிட்டு வரட்டும், அதற்குத்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். ஆலங்குடி வியாபாரிகள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், மருமகனைப் பக்கத்தில் நிறுத்தி, மைக்கில் சொல்லுங்கள்: என்னை நேர்காணல் செய்த அன்று, அவர் வரப்போவது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?