மூத்தவர் இருந்த ஹார்ட் டிஸ்க்

நாகமலை புதுக்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே விசேஷ வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற அஸ்வினியைத் தெரியாதவர்கள் குறைவு. முத்துப்பாண்டியின் இரண்டாவது மகள், பாண்டியராஜனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போவான். இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாட்டும் பேரும் சேர்ப்பாள். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. படத்தில் பார்த்திருக்கிறாளே.

பாண்டியராஜன் வீட்டில் மூத்தவர் காசிமாயன், அடுத்தது சோலையம்மாள், கடைசி இவன். காசிமாயன் போன தையில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். போட்டோவுக்கு நிற்கச் சொன்னால் ஆட்டுக்குத் தழை பறிக்கணும் என்று நழுவிவிடுகிற மனுசன். சோலையம்மாளின் மூத்த மகள் சடங்குக்கு மட்டும், கொட்டு முன்னால் போக, தலையில் துண்டைக் கட்டி, சீர்த்தட்டோடு சிரித்தபடி நடந்து வந்தார். அவர் நடந்து சிரிக்கிற படம் அது ஒன்றுதான். அப்போது கொடுத்த சிடி கீறல் விழுந்து ஓடாமல் போனது. மிச்சம் இருந்தது அஸ்வினியின் கம்ப்யூட்டரில்.

இப்போது சின்ன மகளுக்குச் சடங்கு. மறுநாள் காலை செக்கானூரணி மண்டபத்தில் பெரிய எல்.இ.டி. திரை. சோலையம்மாள் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"எங்கண்ணன் மொகம் சபையில வரணும். அவரு நடந்து வந்த பெறகுதான் நீ சீர்த்தட்டத் தூக்கணும். இல்லாட்டி என் மகள மணையில உக்கார விடமாட்டேன்."

அந்தப் படத்தை எடுத்துக் கோக்கக் கம்ப்யூட்டரில் இடமில்லை. அது ஓடுவதற்கென்று சின்ன டிஸ்க் ஒன்று தனியாக உண்டு; படங்கள் இருந்த பெரிய டிஸ்க் விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. அஸ்வினி சிம்மக்கல் கடையில் அதே கம்பெனி, அதே அளவில் இன்னொன்று வாங்கினாள். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடாதே, ஒன்று கெட்டால் மற்றதில் இருப்பதும் சேர்ந்து போகும், தனித்தனியே நிற்கட்டும், முக்கியமானதை ரெண்டிலும் வைத்துக்கொள் என்று கடைக்காரர் சொன்னார். அதற்குத்தானே வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மத்தியானம் சோலையம்மாள் வந்து பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அஸ்வினி கரண்டை அணைத்துப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். பழைய டிஸ்க் கீழே, அதற்கு நேர் மேலே காலி இடம். அந்த வீட்டில் சந்தனம் குங்குமம் வைக்காமல் எந்தச் சாமானும் ஓடாது. அண்ணன் குடியிருக்கப்போகிற இடமாயிற்றே என்று, சோலையம்மாள் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைப் புது டிஸ்க்கின் முதுகில் தாராளமாக அப்பினாள். அஸ்வினி அதை மேலே செருகித் திருகாணி முடுக்கி, இரண்டு வயரையும் மாட்டி, ஸ்விட்சைப் போட்டாள்.

புது டிஸ்க்காக எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. அதில் அதிசயமில்லை, புதுசு என்றால் கேட்கும். ஆனால் படத்துக்கான டிஸ்க் இரண்டு தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் தெரிந்தது. அஸ்வினி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"என்னத்தக் கேக்குது?"

"சரின்னு அமுக்கவான்னு கேக்குது, மதினி."

"கேட்டா அமுக்க வேண்டியதுதான. புதுசுதான வாங்கிட்டு வந்த?"

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. இது புதுசா, புத்தி பெரண்டு போன பழசான்னு தெரியலயே. பழசுல அமுக்கினா மாமா போயிருவாரு."

அதற்குள் மண்டபத்திலிருந்து பாண்டியராஜன் போன் பண்ணினான். விளக்கு வைப்பதற்குள் படம் வராவிட்டால் திரைக்காரர்கள் கிளம்பிவிடுவார்களாம். எதையாவது அமுக்கி வேலையை முடி என்று கத்தினான். அது சோலையம்மாள் காதிலும் விழுந்தது. அவளே எட்டி மவுஸைப் பிடித்தாள். அஸ்வினி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"கைய எடுங்க, மதினி."

"எங்கண்ணனத் தொலச்சுப்புட்டியாடி?"

அஸ்வினி கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, செல்போன் வெளிச்சத்தைப் பெட்டிக்குள் அடித்தாள். பன்னீர் மணம் குப்பென்று வந்தது. மேல் டிஸ்க்கின் விளிம்பிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு இறங்கி, கீழ் டிஸ்க்கில் வயர் செருகுகிற இடத்தில் போய்ச் சொட்டியிருந்தது. சோலையம்மாளும் குனிந்து பார்த்தாள்.

"நான் வச்ச சந்தனந்தான் அது," என்றாள்.

புது டிஸ்க்கை வெளியே எடுத்தாள் அஸ்வினி. பழையதைக் கழற்றி, மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் பேப்பரை விரித்து வைத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஈரம் சுத்தமாகப் போன பிறகு, வேறு வயர் போட்டு, பழையதை மட்டும் மாட்டினாள். ஸ்விட்சைப் போடும்போது சோலையம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு வீட்டு விசேஷமாகத் திரையில் வந்து நின்றது. அஸ்வினி "மதினி, மாமா வந்துட்டாரு," என்றாள்.

கொட்டுச் சத்தம் கேட்டுத்தான் சோலையம்மாள் திரும்பினாள். துண்டும் தட்டும் சிரிப்புமாகக் காசிமாயன் வந்துகொண்டிருந்தார். அவள் முழுசாகப் பார்க்கக்கூட இல்லை.

"நிப்பாட்டு. மொதல்ல இன்னொரு எடத்துல எடுத்து வையி. நாளைக்கு ஓடுறது பெறகு."

"திரைக்காரங்க போயிருவாங்க, மதினி."

"போனாப் போறாங்க."

போனை எடுத்துத் தம்பியிடமும் அதையே சொன்னாள். துடைத்துக் காயவைத்த புது டிஸ்க் மேலே ஏறியது. இந்தமுறை இரண்டும் தெரிந்தன. காலியாக இருந்ததில் மட்டும் சரி என்று அமுக்கி, படத்தை அதில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைத்த பிறகுதான் அஸ்வினி வெட்டி ஒட்ட உட்கார்ந்தாள். பாண்டியராஜன் திரைக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி அவர்களைப் போகவிடாமல் வைத்திருந்தான்.

மறுநாள் சபையில் காசிமாயன் நடந்து வந்தபோது எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். சோலையம்மாள் மட்டும் திரைக்காரர் மேசையை ஒட்டி நின்று, அந்தப் பென் டிரைவை யாரும் தொட்டுவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவன் தட்டைத் தூக்கினான்.