அண்ணன் உட்கார்ந்த இடம்

தில்லி பாலம் விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று திறந்தவெளி மேடைக்கு மேலாக மிகத் தாழ்வாகப் போனது. மேடையில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, விருந்தாளியைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். கூட்டம் சிரித்தது. இரைச்சல் தேய்ந்து அடங்கும் நேரத்தில் அவர் வாத்தியத்தை மறுபடி எடுத்து, அந்த இரைச்சல் எந்தச் சுருதியில் போய் நின்றதோ அதே சுருதியைப் பிடித்தார். விமானம் போய்விட்டது, அதன் ஒலி மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. அதை நீட்டினார், உடைத்தார், கொஞ்சினார், கடைசியில் விட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார். என் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் அண்ணன், தானே அதை வாசித்துவிட்டதுபோல ஒரு பெருமையோடு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குக் கணக்குத் துறையில் வேலை. அம்மா ஓர் அமைச்சக அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். நான் லக்ஷ்மிபாய் நகர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கல்லூரியில் கடைசி வருடம். ஜாஸ் என்கிற சங்கதி எங்கள் வீட்டுக்குள் அவன் வழியாகத்தான் வந்தது. சிற்றலை வானொலியில் தொடங்கி, பாலிகா பஜாரில் வாங்கிய கேஸட்டுகளாகப் பெருகி, எங்கள் இருவருக்கும் பொதுவான அலமாரியில் என் புத்தகங்களைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் நகரில் ஒரு ஜாஸ் விழா நடக்கும். வெளிநாட்டிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள். முதல் வருடம், கூட வருவதாகச் சொன்ன நண்பன் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட, அண்ணன் அம்மாவைக் கூப்பிட்டான். "சும்மா வாம்மா. பிடிக்கலைன்னா பாதியில எந்திரிச்சு வந்துரலாம்."

கல்யாண பேண்டு மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டுதான் அவள் போனாள். பருத்திப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, பையில் சப்பாத்தியும் ஃப்ளாஸ்கில் காப்பியும். பாதியில் எழுந்து வரவில்லை. நாள் முழுக்கக் காதில் குரல்களை வாங்கி இணைத்துவிடுகிறவள் அவள். திரும்பி வந்ததும் சொன்னாள்: "நாலு லைன்ல நாலு பேரு ஒரே நேரத்துல பேசற மாதிரி இருக்கு. ஆனா ஒருத்தரும் கட் ஆகலை." அண்ணன் இதை வருடக்கணக்காகத் தன் நண்பர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். ஜாஸைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை என்பது அவன் கட்சி.

அடுத்த வருடத்திலிருந்து நானும் ஒட்டிக்கொண்டேன். மேடைக்கு இடப்பக்கம், மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதனடியில்தான் எப்போதும் உட்காருவோம். அங்கே நான் கண்டவர்களை நினைத்தால் இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வாசித்த ஒரு ட்ரம்பெட்காரர், கடைசியில் திரும்பியபோது அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. மூன்றே சொற்களை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் பாடிய ஒரு பாடகி, ஒவ்வொரு முறையும் அந்தச் சொற்களுக்கு வேறு அர்த்தம் கொடுத்தார். பியானோ வாசித்த ஒருவர் நடுவே இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த மௌனம் கனத்து, இனித் தாங்காது என்கிற நிலையில் ஒரே ஒரு கட்டையைத் தொட்டார். இவர்களெல்லாம் தங்கள் ஊரில் எவ்வளவு பெரியவர்கள் என்று அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அந்தத் தகவல் தேவைப்படவில்லை.

அப்பா வந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் அண்ணன் கூப்பிடுவான். "அப்பா, ஒரே ஒரு தடவை வாங்கப்பா." அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்த வருஷம் பாக்கலாம்டா" என்பார். விரோதம் ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் என்று ஒன்று எப்போதும் இருக்கும் என்று நம்புகிற மனிதர் அவர். அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பத்திரிகை ஒன்றில் வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஒரு மழைக்காலக் காலையில் ரிங் ரோட்டில் அவன் ஸ்கூட்டரை ஒரு தனியார் பஸ் இடித்துவிட்டது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று அறைகளில் இருந்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன். இருந்ததோ இரண்டே அறைகள்.

பிப்ரவரி வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா அலுவலகத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து, ஷூவை மாட்டிக்கொள்ள உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "நீயும் வர்றியா?" என்று கேட்டார். எங்கே என்று நான் கேட்கும் முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"வருஷத் திவசம்கூட ஆகலை. பொங்கலுக்கு இந்த வீட்ல அடுப்புல பானை ஏறலை. நீங்க பாட்டுக் கச்சேரிக்குக் கெளம்பறீங்க?"

"பாட்டுக் கேக்கப் போகலை" என்றார் அப்பா.

"அப்பறம் எதுக்கு?"

அவர் ஒரு ஷூவின் கயிற்றைக் கட்டி முடித்து, அடுத்ததை எடுத்தார். அம்மாவின் குரல் தாழ்ந்தது. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"அது எனக்கும் அவனுக்கும் இருந்தது. உயிரோட இருந்தப்ப வருஷா வருஷம் கூப்பிட்டான். வந்தீங்களா? இப்ப மட்டும் எதுக்குங்க?"

அப்பாவின் விரல்கள் கயிற்றின்மேல் அப்படியே நின்றன. பிறகு முடிச்சைப் போட்டார், எழுந்தார், கதவைத் திறந்துகொண்டு போனார். அம்மா என்னைப் பார்த்து, "போ. தனியா விடாத" என்றாள். சொன்னவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழும் சத்தம் நான் படியிறங்கும் வரை கேட்டது.

ஆட்டோவில் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவன் எங்க உக்காருவான்?" மைதானத்துக்குள் போனதும் நான் வேப்பமரத்தைக் காட்டினேன். அவர் நேராக அங்கே போய், நாற்காலியைச் சரிசெய்து, கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசிப்பு தொடங்கியதும் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். அது அவர் பிடிக்குள் வரவில்லை. விட்டுவிட்டார். ஒரு தனி வாசிப்பு முடிந்து கூட்டம் கைதட்டியபோது, "பாட்டு முடியலையே, அதுக்குள்ள எதுக்குத் தட்டறாங்க?" என்றார். ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் தட்டுவதுதான் இங்கே வழக்கம் என்று அண்ணன் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, மேடையில் முன்னால் நின்றவரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடித்தே தீரவேண்டும் என்பதுபோன்ற பார்வை. அண்ணனின் நண்பன் ஒருவன் எங்களைக் கண்டு வந்து, "அங்கிள், ஆன்ட்டி நஹீ ஆயீ?" என்று அம்மா வராததைப் பற்றிக் கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அந்த நண்பனின் அம்மா வழியாகத்தான் விஷயம் அம்மாவுக்கு எட்டியிருக்க வேண்டும். கச்சேரிக்குப் போனதைக்கூட அவள் ஒருவேளை மன்னித்திருப்பாள். "அவன் உக்காந்த எடத்துல போயி உக்காந்தாராமே" என்று என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். அந்த வாரமே கேஸட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு அதே நண்பனிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். அலமாரியில் என் புத்தகங்களுக்கு மறுபடி இடம் கிடைத்தது. நான் அவற்றைப் பரப்பி வைக்கவே இல்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. அம்மா அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட்டாள். அவர் அவளுக்கு மாத்திரை வாங்கி வந்தார். திவசத்தன்று சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அண்ணனைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. துக்கம் மனிதர்களைச் சேர்த்துவைக்கும் என்று சொல்கிறார்கள். பிள்ளையின் நினைவுகளைப் பங்கு பிரிக்கும்போது ஒருவருக்கு நிறைய, ஒருவருக்குக் கொஞ்சம் என்று விழுந்துவிட்டால், நிறைய இருப்பவர்தான் அதை அதிகம் காவல் காக்கிறார் என்பதை நான் அந்த வீட்டில் கண்டேன். அப்பா ஒவ்வொரு பிப்ரவரியும் போனார். என் கல்யாணத்துக்குப் பிறகு தனியாகவே போனார். ஓய்வு பெற்று, குடியிருப்பைக் காலிசெய்து மயூர் விஹாரில் ஒரு ஃப்ளாட்டுக்கு மாறிய பிறகும், யமுனையைத் தாண்டி இரண்டு பஸ் மாறிப் போனார். திரும்பி வந்தால் எப்படி இருந்தது என்று அவளும் கேட்கமாட்டாள், அவரும் சொல்லமாட்டார்.

பல வருடங்கள் கழிந்து, விமான ஒலியைப் பிடித்து வாசித்த அந்தப் பெரியவர் மறுபடி தில்லிக்கு வருகிறார் என்று செய்தித்தாளில் படம் போட்டிருந்தார்கள். நான் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன். அப்பா அந்தப் பக்கத்தை மடித்து, அம்மா காப்பி குடிக்கும் இடத்தில் மேஜைமேல் வைத்தார். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. பிறகு அவர் விழாவுக்கு வாங்கியிருந்த தன் நுழைவுப் பாஸை அதன்மேல் வைத்துவிட்டு, "நீ போயிட்டு வா. நான் வரலை. வீட்லயே இருக்கேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் என்னை ஃபோனில் அழைத்தாள். "ஜல்தி வா. ஆட்டோ பிடிச்சுக்கலாம்."

வேப்பமரம் இருந்தது. அம்மா அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "அங்க வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்கு இழுத்துப் போனாள். அந்தப் பெரியவரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உடம்பு பாதியாகியிருந்தது. வாத்தியம்தான் அவரைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் பட்டது. நாலு சுரம் வாசிப்பார், மூச்சு தீர்ந்துவிடும். மீதியைப் பக்கத்தில் நின்ற இளைஞர் ட்ரம்பெட்டில் எடுத்துக்கொள்வார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அது இசைக்காகத் தட்டிய கை இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அந்தப் பெரியவரைப் பார்க்கவே இல்லை. கண்கள் மேடையின் பின்பக்கத்தில், இருட்டில் நின்றுகொண்டு ஆளுயர வயலின் போன்ற ஒரு வாத்தியத்தின் தந்திகளை விரலால் மீட்டிக்கொண்டிருந்தவர்மேல் இருந்தன. கச்சேரி முடியும்வரை அங்கிருந்து நகரவில்லை. விழாக்காரர்கள் அதற்குப் பிறகு விழாவை நடத்தவே இல்லை. அதுதான் கடைசி என்று அன்று யாருக்கும் தெரியாது.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை, செய்தித்தாளும் இல்லை. அம்மா சால்வையை மடித்து நாற்காலியில் போட்டாள். அவர் கேட்டார். அத்தனை வருடங்களில் முதல் தடவையாக அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் கேட்டது.

"எப்படி இருந்தது?"

"மூச்சு இல்லை அவருக்கு. அவன் இருந்திருந்தா பாதியிலயே எந்திரிச்சுப் போயிருப்பான்."

"அச்சா" என்றார் அப்பா. பிறகு, "அவனுக்கு எது பிடிக்கும்?"

அம்மா திரும்பினாள். "உங்களுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் போனீங்களே."

"போனேன். தெரியலை. யாரும் சொல்லலை."

அதைக் குறையாகச் சொல்லவில்லை அவர். வழி தெரியாதவர் நின்று வழி கேட்பதுபோல இருந்தது. அம்மா மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரும் முன்னால நின்னு வாசிக்கறவரைத்தான் பாப்பாங்க. அவன் பாக்கமாட்டான். பின்னால ஒருத்தர் பெரிய வாத்தியத்தை அணைச்சுக்கிட்டு நிப்பாரு பாருங்க, டும் டும்னு, அவரையேதான் பாத்துக்கிட்டு இருப்பான். அவர் விட்டார்னா மத்தவங்க எல்லாரும் விழுந்துருவாங்கம்மான்னு சொல்லுவான்."

எனக்கும் அது தெரியாது. அண்ணனுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அம்மா. அவன் பார்வை எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நான் இத்தனை வருஷமா முன்னால நின்னவரையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"உங்களுக்குத்தான் யாரும் சொல்லலையே" என்றாள் அம்மா. அதில் கோபமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே போகவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூட வருவதாகச் சொன்ன நண்பன் கைவிட்டுவிட்டான் என்று அண்ணன் வந்து சமையலறை வாசலில் நின்ற நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.