சாக்கே

ஒஸ்லோவில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் பேனாட்டுக்கு இருபது வருட வேலை. பருவத்துக்கு ஒருமுறை முதலாளி கொடுக்கும் அரிசி மதுவை நகரின் ஓரத்தில் ரொம்மனில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

முதல் போத்தலைக் கண்டதும் மனைவி றோஸ், "இதென்ன?" என்றாள்.

"சாக்கே."

"குடிக்கிறதுக்கு இதொரு சாக்கே?" என்று சீறியவள், தானே சிரித்துவிட்டாள்.

அவளுக்கு விடிய வேலை, அவருக்குப் பின்னேர வேலை. போத்தல் வரும் ஞாயிறுகளில்தான் இருவரும் ஆறுதலாக ஒரு மேசையில் இருந்தார்கள். இளவேனிலில் வந்தது புதிதாக வடித்தது, நாக்கில் சுள்ளென்றது. கோடையில் வந்ததைக் குளிரவைத்துக் குடித்தார்கள். பனிக்காலத்துப் போத்தலைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்கியபோது, "கஞ்சி வாசம் வருதப்பா" என்று றோஸ் இன்னொரு வாய் கேட்டு வாங்கினாள்.

இந்த முறை, கோடை முழுக்க ஆறப்போட்டு இலையுதிர்காலத்தில் திறக்கும் சாக்கே, உணவகத்திலேயே முடிந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் பேனாட் மேசைக்கு வந்தபோது பொரித்த மீனும் இரண்டு சின்னக் கிண்ணங்களும் தயாராக இருந்தன.

"சாக்கே இல்லையப்பா" என்றார், பிழை செய்தவர்போல.

றோஸ் கிண்ணங்களில் தேநீரை ஊற்றினாள்.

"சாக்கு இல்லாட்டி என்ன? இருங்கோ."