ஐந்நூற்று நாற்பதில் கேட்ட சத்தம்

இது நடந்தது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அல்தாப் என்னிடம் சொன்னது எவ்வளவு, பிறகு நானாக நினைத்துக்கொண்டது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியவில்லை. எண்களை மட்டும் அவன் ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

2006, மே மாதத்து வெள்ளிக்கிழமை. கத்திரி வெயில். பெரம்பலூரில் அல்தாப் வைத்திருந்த கம்ப்யூட்டர் கேம்ஸ் கடைக்கு எதிரிலேயே இன்னொரு கடை வந்து, பையன்கள் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கடைக்கும் போட்டி. தோற்றால் கடையை மூட வேண்டியதுதான். அவனிடம் இருந்த ஒரே துருப்பு, அக்கா ருமைசாவின் புருஷன் இலியாஸ் துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய கிராபிக்ஸ் கார்டு. அதன் வேகத்தைக் கம்பெனி வைத்த அளவுக்கு மேல் ஏற்றினால் படம் திக்காமல் ஓடும். ஏற்ற ஏற்றச் சூடாகும். சூடு மீறினால் கார்டு செத்துப்போகும்.

அல்தாப் ஜும்மா தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தான். கூடப் படித்த குரும்பலூர் திருமுருகன் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். மணி இரண்டு.

வேகம் 450. வெப்பம் 71 டிகிரி.

அல்தாப் 480 ஆக்கினான். வெப்பம் 58.

"எறங்குதுடா…"

"சாஃப்ட்வேர் பொய் சொல்லுது மாப்ள. ஏத்து."

510. வெப்பம் மைனஸ் 19.

கார்டின் அலுமினியத்தில் அல்தாப் விரல் வைத்தான். ஐஸ் கட்டியைத் தொட்டதுபோல் விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்துத்தான் எடுத்தான்.

2:12. வேகம் 540.

ஸ்பீக்கரில்… டம்.

கேம் இன்னும் ஓடவே இல்லை.

டம்… டம்… இரும்பில் கை அடிக்கும் சத்தம்.

"எதுத்த கடைக்காரன் செய்வினை வச்சிட்டானாடா?" என்று சிரித்தபடி திருமுருகன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான்.

டம்.

கேபினெட்டுக்குள்ளிருந்து.

அதன்பின் அவன் சிரிக்கவில்லை.

550. தட்டுதலுக்கு நடுவே மூச்சு கேட்டது. திரையெங்கும் கலர் கலராகப் புள்ளிகள். கார்டு சாகப்போகும் அறிகுறி.

"கொறச்சுடு. கார்டு போயிடும்" என்றான் திருமுருகன்.

"யாரோ கூப்புடுறாங்கடா."

"கார்டு போச்சுன்னா ஞாயித்துக்கெழம என்ன பண்ணுவ?"

அல்தாப் மவுஸைப் பிடித்தான்.

குறைத்தான்.

510… டம்.

480… டம்.

450.

ஃபேன் சத்தம் மட்டும். வெப்பம் மெதுவாக 71க்குத் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை அல்தாப் ஜெயித்தான்.

அன்று ராத்திரி துபாயிலிருந்து போன் வந்தது. இலியாஸ் வேலை பார்த்த மீன் கம்பெனியில், வெள்ளிக்கிழமை அவன் ஐஸ் ரூமுக்குள் இருப்பது தெரியாமல், ஜும்மாவுக்குக் கிளம்பியவர்கள் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். அங்கே அப்போது பன்னிரண்டே கால். நமக்கு ஒன்றே முக்கால். அன்று லீவு என்பதால் யாரும் திரும்பி வரவில்லை. சனிக்கிழமை காலையில்தான் திறந்தார்கள்.

வாட்ச்மேனுக்கு ஏதோ தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. மெஷின் ஓடுகிறது என்று விட்டுவிட்டானாம்.

சாயங்காலம் வரைக்கும் கேட்டதாம்.

இலியாஸை அங்கேயே அடக்கினார்கள். ருமைசா லப்பைக்குடிக்காட்டில் பிள்ளைகளோடு இருக்கிறாள். கேம்ஸ் கடையில் கேட்ட சத்தத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. திருமுருகன் சென்னைக்குப் போய்விட்டான். அல்தாப் அரியலூரில் செருப்புக்கடை வைத்திருக்கிறான். தொழப் போகும்போதுகூடக் கடையைப் பூட்டுவதில்லை.