தண்ணீர் கேட்காத கொடி

நான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, ஊற்றவில்லை என்று சொன்னேன். அதை நம்பி என் மச்சினன் தன் திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கினான்.

மழை பொய்த்த வருடங்கள் அவை. கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்று அல்லிநகரத்தில் இருந்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தார், தெருச் சுவர்களில் ஏற்ற, தண்ணீர் அதிகம் கேட்காத பூங்கொடி ஒன்றைத் தேர்ந்து தரச் சொன்னார்கள். என் காம்பவுண்டுச் சுவரில் காகிதப்பூவையும் பெயரில் மட்டும் ரோஜாவான, கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் கொடி ரோஜாவையும் வைத்தேன். வேர் பிடித்த பிறகு இரண்டுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது, கோடையில் நிற்பதைப் பார்த்து மதிப்பெண். விதி நான் வகுத்ததுதான்.

பங்குனியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. காகிதப்பூ வெயிலில் கொழித்தது. கொடி ரோஜா இலையெல்லாம் உதிர்த்துப் பழைய கயிறு போலத் தொங்கியது. செத்துவிடவில்லை. வறட்சியை அது தாங்குவதே அப்படித்தான். மழை வந்தால் துளிர்க்கும். ஆனால் எனக்கு அது ஜெயிக்க வேண்டியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காகிதப்பூவைச் சிபாரிசு செய்ய ஒரு பேராசிரியர் எதற்கு?

சங்கத்தார் பார்வையிட வருவதாகச் சொன்னதும், விடிவதற்கு முன் எழுந்து ஊற்ற ஆரம்பித்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"ஊரே கொடத்தத் தூக்கிட்டு அலையுது. நீங்க செவுத்துக்கு ஊத்துறீக."

"செவுத்துக்கு இல்ல, வேருக்கு."

"அப்பத் தண்ணி வேணாங்குற கொடின்னு யாருகிட்டயும் சொல்லாதீக."

சங்கத்தார் வந்த அன்று சுவர் முழுக்க இளஞ்சிவப்புக் கொத்துகள். அக்காவைப் பார்க்க சுருளிப்பட்டியிலிருந்து மச்சினனும் வந்திருந்தான். அவன் தோட்டத்தில் போர் வற்றிவிட்டது. பன்னீர் திராட்சைக்குக் குடத்தால் ஊற்றி உயிரை மட்டும் பிடித்து வைத்திருந்தான். பக்கத்துச் சுருளி அருவியில் தண்ணீர் விழுகிறதோ இல்லையோ, கோடை விடுமுறையில் ஆட்கள் வருவார்கள். திராட்சையின் கம்பிப் பந்தலில் பூங்கொடி படர்ந்தால் அந்த நிழலில் சாப்பாட்டுக் கடை போடலாம் என்று அவனுக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

"மாமா, இதுக்கு நெசமாவே தண்ணி ஊத்தலையா?"

சங்கத்தார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மழையோட சரி" என்றேன். அடுப்படியில் ஒரு பாத்திரம் சற்றுப் பலமாகக் கீழே வைக்கப்பட்டது.

"படிச்சவுக சொன்னாச் சரிதான்" என்றான் அவன்.

திராட்சையைப் பிடுங்கிவிட்டு ஐப்பசி மழைக்குக் கொடி ரோஜாவை நட்டான். தையில் பந்தல் பூவாய்க் கிடந்தது. கடையைத் திறந்தான். கோடை வந்தது, இலை உதிர்ந்தது. வந்தவர்கள் கம்பி நிழலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எதிரே புளியமரத்தடிக் கடைக்குப் போனார்கள்.

"வந்து பாருங்க மாமா" என்று போனில் கூப்பிட்டான். போனேன். "நீங்க சொன்னது பொய்யில்ல. கொடி சாகல. கடதான் சாகுது."

அங்கேயே உண்மையைச் சொன்னேன். பந்தலை அண்ணாந்து பார்த்தான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவளுமா" என்றான்.

பரிகாரமாக என்ன செய்வதென்று தெரியாமல் மண்வெட்டியை வாங்கினேன். கடையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் வேருக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டினேன். தண்ணீர் கேட்காத கொடி, கடைக்கு விலைக்கு வாங்கிய டேங்கர் தண்ணீரைக் குடித்துத் தழைத்தது. நிழல் வந்தது, பூ வந்தது, பூவுக்குத் தேனீக்களும் வந்தன. சுற்றுலா வந்த ஒரு பள்ளிப்பிள்ளையைத் தேனீ கொட்டிவிட, மொத்த வண்டியும் இலையில் சோற்றை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டது.

அவன் அரிவாளை என்னிடம் நீட்டினான். "இங்கன இருந்து ஆரம்பிங்க மாமா."

வெட்டினேன். அவன் பந்தலில் தென்னங்கீற்று போட்டான். அதற்கு என் படிப்பு தேவைப்படவில்லை. கடை ஓடியது.

பிறகு மழையும் வந்தது. போர்களில் தண்ணீர் ஏறியது. எப்படியோ திராட்சையைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களின் பந்தலெல்லாம் குலைகள். என் மச்சினன் அவர்களிடம் பழம் வாங்கி ஜூஸ் போட்டு விற்றான். நான் போகும்போதெல்லாம் முதல் தம்ளர் எனக்குத்தான். அதைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் சாப்பிடுகிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்வான்: "குடிங்க மாமா. பக்கத்துத் தோட்டத்துப் பழம்."