கல்வெட்டில் ஏறாத வரி

எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள், அவர் பிறந்து வளர்ந்து முடிந்த கதையைப் பாட்டாக எழுதி, அச்சடித்து, வந்தவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம் அது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். என்றாலும், சண்டையில் கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து துணுக்காயில் கொட்டில் போட்டிருந்த காலத்தில், அக்கம்பக்கத்தார் கல்வெட்டு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்காவின் புருஷனுக்கும் நான்தான் எழுத வேண்டி வந்தது.

அத்தான் தலைமயிர் வெட்டப் போனவர். அடுத்தநாள் மகளுக்கு ஏடு தொடக்கல், முதல் எழுத்து எழுதவைக்கும் நாள்.

"உந்தக் கோலத்தோட பக்கத்தில இருந்தால் பிள்ளைக்கு ஆனா வராது, பேன்தான் வரும். போய் வெட்டிக்கொண்டு வாங்கோ" என்று அக்கா பகிடியாகக் கலைத்துவிட்டாள்.

பாலை மரத்துக்குக் கீழே ஒரு கதிரை, ஒரு கண்ணாடி, அதுதான் சலூன். அத்தான் கதிரையில் இருந்தபோது அரசாங்கத்தின் கிபிர் விமானம் வந்து குண்டு போட்டது. கொண்டுவந்து கிடத்தியபோது ஒரு பக்கத் தலை ஒட்ட வெட்டியிருந்தது, மற்றப் பக்கம் அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்துக்கு அக்கா எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. வெயில் சுட்டது, அது தெரிந்தது.

பற்றரி கிடைக்காத காலம். பக்கத்துக் கொட்டில்காரர் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்பார். துணுக்காயில் பயங்கரவாதிகளின் முகாம் ஒன்று தாக்கி அழிக்கப்பட்டதாகக் கொழும்புச் செய்தி சொன்னது. அவர் பெடலை விட்டுவிட்டார்.

"ஒரு கதிரை. அது முகாமாப் போச்சு" என்றார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபிறகு, எங்கள் பகுதியை ஆண்ட இயக்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் வந்தார். இளம்பிள்ளை, நல்ல மரியாதை. அத்தானுக்கு நாட்டுப்பற்றாளர் என்று பட்டம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கல்வெட்டிலும் அப்படித்தான் வரவேண்டும், மண்ணுக்கான பணியில் மடிந்தார் என்று.

"தம்பி, அவர் தலைமயிர் வெட்டத்தான் போனவர்" என்றாள் அக்கா.

"தெரியும் அக்கா. ஆனால் அவங்கள் முகாம் எண்டுறாங்கள். நாங்கள் மயிர் எண்டு அச்சடிச்சுக் குடுத்தால் சனம் சிரிக்காதோ?"

"சிரிக்கட்டுமன். அவரும் சிரிச்சுக்கொண்டுதான் போனவர்."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் விளங்கப்படுத்துங்கோ" என்று எழும்பிப் போனார்.

அன்று நான் ஒரு வரி எழுதிக் காட்டினேன்: 'முடிவெட்டச் சென்றவிடம் முடிந்தாரே.' அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"அதென்ன முடி? அந்த மனிசன் ஒருநாளும் முடி எண்டு சொன்னதில்லை. தலைமயிர் எண்டு போடு."

போட்டேன். பாட்டின் ஓசை கெட்டது. கெடட்டும் என்றாள்.

அச்சகக்காரர் கோடு போட்ட கொப்பித்தாளில்தான் அடித்துக்கொண்டிருந்தார். வேறு தாளை எங்கள் வன்னிப் பக்கத்துக்குள் இராணுவம் வர விடாது. என் எழுத்தை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, இந்த வரியை அடிக்கேலாது. ஏற்கெனவே வந்து சொல்லிப்போட்டினம். உமக்கு விளங்கும்தானே."

விளங்கியது. முப்பத்தோராம் நாள் கல்வெட்டை ஒருவர் இராகம் இழுத்துப் படித்தார். மண்ணுக்கான பணியில் மடிந்தார் என்ற இடத்தில் சனம் உச்சுக்கொட்டியது. அக்கா உள்ளே போய், பாயாசத்துக்குக் கிண்ணங்கள் போதுமா என்று பார்த்தாள்.

வருஷங்கள் போயின. அக்காவின் மகள் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டி மேடையில் ஏறினாள். தலைப்பு 'என் தந்தை'. கல்வெட்டைப் பாடமாக்கியிருந்தாள், ஒரு சொல் தவறவில்லை. என் அப்பா மண்ணுக்கான பணியில் மடிந்தார் என்று கையை உயர்த்தியபோது மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அக்காவும் தட்டினாள். நானும் தட்டினேன். முதற்பரிசாக ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொடுத்தார்கள்.

வரும் வழியில் பிள்ளை பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு முன்னால் போனாள்.

"வடிவாப் பேசினவள், என்ன?" என்றாள் அக்கா.

"ஓம்" என்றேன்.

"அப்ப அப்படியே இருக்கட்டும்."